ஆயிரத்தில் ஒன்று அல்ல... ஆயிரம் பேர்!

குழந்தைகளே... உங்கள் கையை ஒருமுறை மடக்கி, நீட்டுங்கள் பார்க்கலாம். மூளை இட்ட கட்டளை தண்டுவடத்துக்கு வந்து, நரம்பு வழியாக ஓடி, தசையை எட்டியதால்தான் கை அசைந்தது. தண்டுவடத்திலிருந்து தசை வரை உள்ள பாதையில் எங்கே பழுது ஏற்பட்டாலும், தசை வலுவிழந்துவிடும். இவற்றை, 'நரம்புத்தசை நோய்கள்' என்பர்.

நம் அண்டை நாடான சீனாவில், குழந்தைகளிடம் இந்நோய்கள் எந்த அளவுக்கு உள்ளன? ஒரு கணக்குப் போடுவோமா!

* 'எஸ்.எம்.ஏ.,' என்ற தண்டுவடத் தசைச் சிதைவு நோய், சுமார் 10 ஆயிரம் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. 'அவ்வளவுதானா?' என்கிறீர்களா... பொறுங்கள். 2024ல் சீனாவில் 95 லட்சத்து 40 ஆயிரம் குழந்தைகள் பிறந்தன. வகுத்துப் பாருங்கள், ஒரே ஆண்டில் ஏறக்குறைய 950 குழந்தைகள்! நோய் கடுமையானால் உட்காரவும், மூச்சு விடவும் கூட சிரமப்படுவர். ஆனால், அறிவுக்கூர்மை குறையாது.

* 'டுஷேன்' தசைச் சிதைவு நோய், பெரும்பாலும் ஆண் குழந்தைகளையே தாக்கும். சுமார் 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வரும். அப்படியானால், ஆண்டுக்கு ஏறக்குறைய 1,000 பேர். தரையிலிருந்து எழும்போது, இச்சிறுவர்கள் தொடையில் கை ஊன்றித்தான் எழுவர்.

* 'மயஸ்தீனியா' நோயில், நரம்பு அனுப்பும் செய்தி தசைக்குச் சரியாகப் போய்ச் சேராது. காலையில் நன்றாகத் திறந்திருக்கும் கண் இமை, மாலையில் தொங்கிவிடும். ஐரோப்பாவில், இந்நோயாளிகளில் சிறு பகுதியினருக்கே சிறுவயதில் நோய் துவங்குகிறது. சீனாவிலோ, அதைவிட அதிகம் பேருக்கு!

எண்ணிக்கை தெரிந்தால் என்ன பயன்? 2018ல், 121 அரிய நோய்களைப் பட்டியலிட்டது சீன அரசு. எஸ்.எம்.ஏ.,வும், தசைச் சிதைவு நோயும் அதில் இடம்பெற்றன. 2019ல், எஸ்.எம்.ஏ.,வுக்கு ஓர் ஊசி மருந்து அங்கே வந்தது. ஆனால், ஓர் ஊசியின் விலை, சுமார் 7 லட்சம் யுவான். முதல் ஆண்டில் மட்டும் ஆறு ஊசி போட வேண்டும். சாதாரணக் குடும்பம் எங்கே போகும்?

அரசு அதிகாரிகள், மருந்து நிறுவனத்துடன் பலமுறை பேரம் பேசினர். 2021 இறுதியில், ஓர் ஊசி சுமார் 33 ஆயிரம் யுவானுக்குக் கிடைக்க வழி பிறந்தது. 2022 ஜனவரி 1 முதல், அரசு மருத்துவக் காப்பீட்டிலும் சேர்ந்தது. மருந்து இருந்தும் வாங்க வழியின்றித் தவித்த பெற்றோருக்கு, அது எவ்வளவு பெரிய ஆறுதல்!

இவை தொற்று நோய்கள் அல்ல. யாருடைய தவறாலும் வருவதும் இல்லை. உங்கள் வகுப்பில், படி ஏறத் தடுமாறும் நண்பன் இருந்தால், 'சோம்பேறி' என்று கேலி செய்யாதீர்கள். அவன் புத்தகப் பையை வாங்கிக்கொள்ளுங்கள். அவனோடு சேர்ந்து மெதுவாகப் படி ஏறுங்கள். செய்வீர்கள்தானே?