இரைச்சல்வழிச் செவித்திறன் இழப்பு

இரைச்சல்வழிச் செவித்திறன் இழப்பு என்பது உரத்த ஒலியை நெடுங்காலம் கேட்பதால் உட்செவியிலுள்ள மயிர்க்கலங்கள் அழிந்து ஏற்படும் தொழில்சார் நோயாகும். கைத்தறிப் பட்டுக்குப் பெயர்பெற்ற காஞ்சிபுரம் மாவட்டத்தின் திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் இன்று வாகனத் தொழிற்சாலைகள் உள்ளன. இத்தகைய ஆலைகளில் உலோகத் தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் எந்திரங்களின் இரைச்சல் 90 டெசிபெலைத் தாண்டக்கூடும்.

முதலில் 4,000 ஹெர்ட்சு அளவிலான ஒலிகளைக் கேட்கும் திறனே குறைகிறது. பேச்சு ஓரளவு கேட்பதால் தொழிலாளி இழப்பை உணர்வதில்லை. வேலை முடிந்தபின் காதில் தொடரும் ரீங்காரமே (காதிரைச்சல்) முதல் எச்சரிக்கையாக இருக்கலாம். அழிந்த கலங்கள் மீண்டும் வளர்வதில்லை. எனவே எந்திர ஒலியைக் குறைத்தல், காதடைப்பான் அணிதல், ஆண்டுதோறும் செவித்திறன் சோதனை ஆகியவை இன்றியமையாதவை.

தொழிற்சாலைகள் சட்டத்தின் (1948) மூன்றாம் அட்டவணையில் இந்நோய் இடம்பெற்றது. பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்திலும் (1923) இது இழப்பீட்டுக்குரிய தொழில்நோயாகச் சேர்க்கப்பட்டது.