இல்லறக் கலகமும் போலீஸாரும்

கணவன் மனைவியர் பூசலில் அயலார் தலையிடலாகாது என்னும் எண்ணம் போலீஸாரிடத்தும் நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. தெருவிற் குற்றமாகும் அடி, வீட்டினுள் வெறுஞ் சச்சரவாய்விடும்! இன்று புகார் செய்தவள் நாளை அவனை விட்டுவிடுமாறு அழுவாளென்பது அவர் கூறும் சமாதானம். அது முழுப்பொய்யன்றென நாம் ஒப்புகின்றோம். அவன் கூலியின்றி அவள் அடுப்பு எரியாதே.

அமெரிக்காவில் கனெக்டிகட் மாகாணத்து டாரிங்டன் நகரில் ஒரு மாது பன்முறை முறையிட்டும் போலீஸார் அசட்டை செய்தனர். 1983-ஆம் வருஷம் ஜூன் மாதம் அவள் கணவன் அவளை 13 முறை கத்தியாற் குத்தினான். வந்த காவலர் எதிரிலேயே தலையில் உதைத்தான். உயிர் பிழைத்த அம்மாது நகரத்தின்மேல் வழக்காடினாள். அடித்தவன் கணவனென்பது பற்றிப் பாதுகாப்பு மறுத்தல் சட்டத்தின் சமத்துவத்திற்கு மாறென 1984-இல் நீதிமன்றம் கருதிற்று. மறுவருஷம் ஜூரிமார் 23 லக்ஷம் டாலர் நஷ்டஈடு விதித்தனர். 1986-இல் அம்மாகாணம், தக்க காரணமிருப்பின் கைது செய்தே தீரவேண்டுமெனச் சட்டமியற்றிற்று.

கைதே மருந்தோவெனின், 1981-82-இல் மின்னியாபொலிஸ் நகரில் ஷெர்மன், பெர்க் என்பார் சோதித்தனர். புத்தி கூறி விடப்பட்டாரினும், சில மணிநேரம் வெளியேற்றப்பட்டாரினும், கைதானார் மீண்டும் அடித்தல் குறைவாயிருந்தது. ஆயின் பின்னர் மில்வாக்கியிற் செய்த சோதனையில், வேலையற்றாரிடத்துக் கைது கொடுமையை மிகுவித்ததாகக் கண்டனர். இழத்தற்கு ஒன்றுமில்லாதானைச் சிறை அச்சுறுத்துவதில்லை போலும்.