மருந்தை எதிர்க்கும் ஈஸ்ட்

ரொட்டி மாவைப் பொங்கச் செய்யும் ஈஸ்ட் ஒரே செல்லால் ஆன பூஞ்சை. அது மனிதருக்கு நன்மை செய்வது. ஆனால், அதன் நெருங்கிய உறவினங்களுள் ஒன்று மருத்துவமனைகளில் அச்சத்தை விளைவிக்கிறது. அதன் பெயர் கேண்டிடா கிளாபிராட்டா. ஐதராபாத்தின் உப்பல் பகுதியிலுள்ள டி.என்.ஏ. கைரேகை மற்றும் நோயறிதல் மையத்தில், ரூபிந்தர் கவுர் தலைமையிலான குழு இந்த ஈஸ்ட்டை ஆராய்ந்து வந்துள்ளது.

நலமுடையோரின் வாயிலும் குடலிலும் இது தீங்கின்றி வாழக்கூடியது. நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவரின் குருதியில் கலந்தாலோ உயிருக்கே ஆபத்து நேரும். உடலின் காவல் செல்கள் இதனை விழுங்கினாலும், அவற்றின் உள்ளேயே இது உயிர்பிழைத்துப் பெருகவல்லது. எனவே, மருந்தின் துணை இன்றியமையாததாகிறது.

பூஞ்சையின் செல்லும் மனிதச் செல்லும் பல வகைகளில் ஒத்தவை. ஆதலால், பூஞ்சையை மட்டும் தாக்கும் மருந்தைக் கண்டறிதல் எளிதன்று. எனினும், ஒரு வேறுபாடு உதவுகிறது. மனிதச் செல்சவ்வில் கொலஸ்டிரால் உள்ளது. பூஞ்சையின் செல்சவ்வில் எர்கோஸ்டிரால் உள்ளது. ஃபுளுக்கோனசோல் என்னும் மருந்து, எர்கோஸ்டிராலை உருவாக்க உதவும் நொதியைத் தடுக்கிறது. அதனால் சவ்வு சீர்குலைந்து, பூஞ்சையின் வளர்ச்சி தடைப்படுகிறது.

அவ்வாறாயின், ஈஸ்ட் எவ்வாறு தப்புகிறது? ஈஸ்ட் பெருகும்போது தன் மரபணுக்களைப் படியெடுக்கிறது. அப்போது அரிதாகப் பிழைகள் நேர்கின்றன. இப்பிழைகளால் உண்டாவதே திடீர்மாற்றம். பி.டி.ஆர்.1 என்னும் மரபணுவில் நேரும் சில மாற்றங்கள், செல்சவ்விலுள்ள நுண்ணிய இறைப்பான்களைப் பெருகச் செய்கின்றன. ஓட்டைப் படகிலிருந்து நீரை இறைப்பதுபோல, அவை உட்புகும் மருந்தை வெளியேற்றுகின்றன. மேலும், இந்த ஈஸ்ட்டில் ஒவ்வொரு மரபணுவும் பொதுவாக ஒரே படியாகவே உள்ளது. ஆகவே, மாற்றத்தின் விளைவு உடனே வெளிப்படுகிறது.

மருந்து இம்மாற்றத்தை ஈஸ்ட்டுக்குக் கற்பிப்பதில்லை. முறத்தில் புடைக்கும்போது பதர் பறக்க, மணி தங்குகிறது. அதுபோலவே, மருந்துக்கு அடங்கும் செல்கள் ஒடுங்க, எதிர்க்கும் செல்கள் எஞ்சிப் பெருகுகின்றன. இதுவே இயற்கைத் தேர்வு.

இச்சிக்கல் ஓர் இனத்தோடு நிற்கவில்லை. 2009-ஆம் ஆண்டு ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து கேண்டிடா ஆரிஸ் என்னும் புதிய ஈஸ்ட் கண்டறியப்பட்டது. 2013-இல் தில்லி மருத்துவமனைகளிலும் அது இருப்பது அறிவிக்கப்பட்டது. அதன் பல வகைகள் ஃபுளுக்கோனசோலுக்கு அடங்குவதில்லை. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் 19 பூஞ்சைகளைப் பட்டியலிட்டு, கேண்டிடா ஆரிசை மிக இன்றியமையாக் கவனம் தேவைப்படும் முதல் பிரிவிலும், கேண்டிடா கிளாபிராட்டாவை அடுத்த பிரிவிலும் வைத்தது.

பூஞ்சை நோய்க்கான மருந்து வகைகள் மிகச் சிலவே. தேவையின்றி மருந்தை உட்கொள்வதும், மருத்துவர் குறித்த அளவையும் காலத்தையும் குறைப்பதும் எதிர்க்கும் செல்களுக்கே வாய்ப்பளிக்கும். மருந்தை அளவறிந்து பயன்படுத்துவோர், பின்னாளில் அம்மருந்தை நம்பியிருக்கும் வேறொரு நோயாளியின் உயிரையும் காக்கின்றனர்.

சிந்தித்து விடை எழுதுக:

1. பூஞ்சையை மட்டும் தாக்கும் மருந்தைக் கண்டறிதல் எளிதன்று. ஏன்?
2. முறத்தில் புடைக்கும் உவமை எதனை விளக்குகிறது?