நாயில்லாமல் ஒரு முறை போய் வாருங்கள்

இங்கிலாந்தில் வேட்டைநாய் பழக்குபவரைத் தேடுவோருக்கு நான் சொல்வது: முதல் வகுப்புக்கு நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். வேலியோரம் நின்று பாருங்கள்.

சுட்டு வீழ்த்திய பறவையைக் குதறாமல் கவ்விவருவது லாப்ரடாரின் வேலை. பறவைக்குப் பதில் அரைக் கிலோ அளவில் ஒரு கேன்வாஸ் பொட்டலத்தை வீசிப் பழக்குவார்கள். அது விழுந்தாலும், அனுப்பும்வரை நாய் அசையக்கூடாது. ஓடத் துடிக்கும் குட்டிக்கு இதைவிடக் கடினமான பாடம் இல்லை. பழக்குபவரின் குணமும் இங்கேதான் தெரியும். முந்தி ஓடிய நாயின் காதைத் திருகுகிறாரா, கயிற்றை வெடுக்கென்று சுண்டுகிறாரா, அல்லது அடுத்த முறை பக்கத்திலேயே வீசி எளிதாக்குகிறாரா?

நான் பார்த்த ஒருவரின் நாய்கள் பிரமாதமாக வேலை செய்தன, மறுக்கவில்லை. ஆனால் அவர் கை உயர்ந்தாலே அவற்றின் காதுகள் தலையோடு ஒட்டிக்கொண்டன. முன்பணம் கட்டாமல் திரும்பிவிட்டேன்.

மின்அதிர்ச்சிக் கழுத்துப்பட்டை உண்டா என்றும் கூச்சப்படாமல் கேளுங்கள். வேல்ஸ் அதை 2010-லேயே தடை செய்துவிட்டது.

இப்போது நானும் என் நாயும் பழகப் போகும் அம்மாளின் பையில் எப்போதும் சீஸ் இருக்கும். தீனி கொடுத்தால் நாய் கெடும் என்று பழைய ஆட்கள் முணுமுணுக்கிறார்கள். அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு: தீனியைக் கண்டால் கவ்வியதைப் பாதி வழியிலேயே போட்டுவிடும். அதனால் உட்கார, காத்திருக்கப் பழக்கும்போது மட்டும்தான் சீஸ் வெளியே வரும்.