ஜப்பானில் மிகையுழைப்பும் பணிபுரியும் பெற்றோரும்

வேலைப்பளுவால் நேரும் இறப்பை ஜப்பானிய மொழியில் 'கரோஷி' என்பர். 'கரோ' என்பது அளவுக்கு மீறிய உழைப்பையும் 'ஷி' என்பது சாவையும் குறிக்கும். இச்சொல் இன்று உலகெங்கும் அறியப்பட்டது. ஆனால் அதே வேலைநேரம், சாகாமல் உயிரோடு இருக்கும் தாய் தந்தையரிடமிருந்து எதையெல்லாம் எடுத்துக்கொள்கிறது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இறப்புக்கு ஒரு தேதி உண்டு. வழக்குத் தொடரலாம், இழப்பீடு கேட்கலாம். குழந்தை தூங்கிய பிறகே தினமும் வீடு திரும்பிய தந்தைக்கு அப்படி ஒரு தேதி கிடையாது.

சொல் பிறந்த கதை

1969-இல் செய்தித்தாள் நிறுவனம் ஒன்றின் அனுப்புகைப் பிரிவில் பணியாற்றிய 29 வயது இளைஞர் பக்கவாதத்தால் இறந்தார். அது வேலையின் விளைவே என்று பின்னர் ஏற்கப்பட்டது. இவ்வகை இறப்புகளை ஆராய்ந்த மருத்துவர் உயேஹத்தாவும் வேறு இரு மருத்துவர்களும் 1982-இல் எழுதிய நூலின் வழியே 'கரோஷி' என்ற சொல் பரவியது. 1988-இல் வழக்கறிஞர்கள் சேர்ந்து தொலைபேசி ஆலோசனைச் சேவை ஒன்றைத் தொடங்கினர். அதில் அழைத்தவர்களில் பலர் தொழிலாளர்கள் அல்லர், அவர்களுடைய மனைவியர். அவர்களில் கணவரை இழந்தவர்களும் உண்டு, இழந்துவிடுவோமோ என்று அஞ்சியவர்களும் உண்டு.

1991-இல் இறந்தோரின் குடும்பத்தினர் தேசிய அளவில் ஓர் அமைப்பை உருவாக்கினர். தந்தையை இழந்த முதல் வகுப்புச் சிறுவன் ஒருவன் எழுதிய சிறு கவிதை நாடு முழுவதும் அறியப்பட்டது. குடும்பத்தினர் இலட்சக்கணக்கான கையெழுத்துகளைத் திரட்டிய பின், 2014-இல் கரோஷி தடுப்புச் சட்டம் நிறைவேறியது.

36-ஆம் பிரிவு

ஜப்பானில் வேலைநேரத்துக்குச் சட்டமே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. 1947-இலேயே தொழிலாளர் தர நிர்ணயச் சட்டம் வந்துவிட்டது. அதன்படி நாளொன்றுக்கு 8 மணி நேரம்தான் வேலை. வார வரம்பு முதலில் 48 மணி நேரமாக இருந்து, பின்னர் 40 ஆகக் குறைக்கப்பட்டது. சிக்கல் அதன் 36-ஆம் பிரிவில் இருந்தது. நிர்வாகமும் தொழிலாளர் தரப்பும் ஒப்பந்தம் எழுதிக்கொண்டால் வரம்பைத் தாண்டலாம் என்றது அப்பிரிவு. அந்த ஒப்பந்தத்தில் சிறப்பு விதி ஒன்றைச் சேர்த்துவிட்டால் மேலதிக நேரத்துக்கு நடைமுறையில் உச்சவரம்பே இல்லாமல் போனது. கதவைப் பூட்டிவிட்டுச் சாவியைப் பூட்டிலேயே விட்டுவைத்த கதை.

2015 டிசம்பரில் பெரிய விளம்பர நிறுவனம் ஒன்றில் பணிபுரிந்த 24 வயதுப் பெண் தற்கொலை செய்துகொண்டார். ஒரே மாதத்தில் 100 மணி நேரத்துக்கு மேல் அவர் கூடுதலாக வேலை செய்திருந்தது விசாரணையில் தெரியவந்தது. நாடே கொதித்தது. 2018-இல் சட்டம் திருத்தப்பட்டு, 2019 ஏப்ரல் முதல் பெரிய நிறுவனங்களுக்கும் அடுத்த ஆண்டு முதல் சிறிய நிறுவனங்களுக்கும் வரம்பு வந்தது. பொதுவாக மேலதிக வேலை மாதம் 45 மணி நேரத்தையும் ஆண்டுக்கு 360 மணி நேரத்தையும் தாண்டக் கூடாது. சிறப்புச் சூழலில் ஆண்டுக்கு 720 மணி நேரம் வரை போகலாம். அப்போதும் எந்த ஒரு மாதத்திலும் 100 மணி நேரத்துக்குக் குறைவாகவும், சில மாதங்களின் சராசரி 80 மணி நேரத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும்.

இந்த 100, 80 என்ற எண்கள் புதியவை அல்ல. இதயநோய் அல்லது பக்கவாத இறப்பு ஒன்று வேலையால் நேர்ந்ததா என்று முடிவு செய்ய அரசு 2001 முதல் பயன்படுத்திவரும் 'கரோஷிக் கோடு' இதே எண்கள்தாம். உயிருக்கு ஆபத்து என்று ஒரு துறை வகுத்த எல்லையே, இதுவரை போகலாம் என்ற அனுமதியாகச் சட்டத்தில் அமர்ந்தது. இறந்தோரின் குடும்பத்தினர் இதை எதிர்த்ததில் வியப்பில்லை.

மாதம் 80 மணி நேரம் என்றால் என்ன என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாதத்தில் 20 வேலைநாள் என்றால் நாளுக்கு 4 மணி நேரம் கூடுதல். காலை 9 மணிக்குத் தொடங்கி, இடைவேளை ஒரு மணி நேரத்தையும் சேர்த்தால் வேலை முடிவது இரவு 10 மணி. ஒரு மணி நேர ரயில் பயணத்துக்குப் பின் வீடு சேரும்போது 11 மணி. இறக்கும் ஆபத்து இன்னும் எட்டாத நிலையிலேயே, வாரநாள்களில் பிள்ளையின் விழித்த முகத்தைக் காலையில் சில நிமிடம் பார்ப்பதோடு சரி.

வீட்டில் இருக்கும் இன்னொருவர்

இப்படி வேலை செய்யும் ஒருவருக்குச் சோறு ஆக்கவும் பிள்ளைகளைப் பார்க்கவும் முதியோரைக் கவனிக்கவும் வீட்டில் இன்னொருவர் இருந்தாக வேண்டும். நிறுவனம் ஊதியம் கொடுப்பது ஒருவருக்கு. உழைப்பைப் பெறுவது இருவரிடமிருந்து.

இதை 1986 தெளிவாகக் காட்டுகிறது. அவ்வாண்டு ஏப்ரலில் ஆண், பெண் சமவேலை வாய்ப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பு வழங்கியது. வழக்கின் நாயகர் பெயிண்ட் நிறுவனம் ஒன்றின் விற்பனை ஊழியர். வயதான தாய், குழந்தைகள் காப்பகத்தில் பணிபுரியும் மனைவி, 2 வயது மகள் ஆகியோரைக் காரணம் காட்டி வெளியூர் மாற்றத்தை அவர் மறுத்தார், வேலையிலிருந்து நீக்கப்பட்டார். மாற்றத்தால் குடும்பத்துக்கு நேரும் துன்பம் வழக்கமாகப் பொறுத்துக்கொள்ள வேண்டிய அளவிலானதே என்றது நீதிமன்றம். மனைவி தன் வேலையை விட வேண்டும், அல்லது கணவர் தனியே போக வேண்டும். தனியே போவதற்கு 'தன்ஷின் ஃபுனின்' என்ற சொல்லே ஜப்பானில் உண்டு.

ஆக, பெண்களுக்குத் திறந்த கதவு இந்த அலுவலகத்துக்குள்தான் திறந்தது. உயர்பதவிப் பாதையில் சேரும் பெண்ணும் இரவு வரை இருக்க வேண்டும், சொன்ன ஊருக்குப் போக வேண்டும். ஆனால் அவளுக்கு வீட்டில் மனைவி இல்லை. இடமாற்றம் செய்யும்போது ஊழியரின் பிள்ளை வளர்ப்பைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்லத் தொடங்கியது 2001-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகுதான்.

காப்பகத்தின் கடிகாரம்

அரசு ஏற்புப் பெற்ற குழந்தைகள் காப்பகம் 'ஹொய்குஎன்' எனப்படும். முழுநேர வேலை செய்யும் பெற்றோரின் குழந்தைக்கு அங்கே நாளுக்கு 11 மணி நேரம் வரை இடமுண்டு. காப்பகத்தில் இடம் கிடைக்காமல் காத்திருந்த குழந்தைகள் 2017-இல் 26,081 பேர். 2024-இல் 2,567 பேர். இது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் இடம் கிடைத்த பிறகும் மாலையில் யாராவது ஒருவர் போய் அழைத்துவந்தாக வேண்டும். குழந்தைக்கு 37.5 பாகை செல்சியஸ் காய்ச்சல் கண்டால் வேலை நேரத்தின் நடுவிலேயே தொலைபேசி வரும். அந்த அழைப்பு பெரும்பாலும் தாயின் கைப்பேசிக்கே போகிறது.

2021-ஆம் ஆண்டு அரசுக் கணக்கெடுப்பின்படி, 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளையுள்ள வீட்டில் வீட்டுவேலைக்கும் குழந்தை வளர்ப்புக்கும் மனைவி நாளொன்றுக்கு 7 மணி 28 நிமிடமும், கணவர் 1 மணி 54 நிமிடமும் செலவிட்டனர். இதைக் குறிக்க 'வன் ஓப்பே' பிள்ளை வளர்ப்பு என்ற சொல் 2017 வாக்கில் பரவலானது. இரவு முழுவதும் ஒரே ஊழியரை வைத்துக் கடையை ஓட்டும் உணவகங்களின் முறைக்கு வழங்கிய பெயர் அது. அங்கே சமைப்பவர், பரிமாறுபவர், பணம் வாங்குபவர் எல்லாம் ஒருவரே. பெயரைக் கண்டுபிடித்தவர்கள் கசப்போடுதான் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

3 வயதுக்கு உட்பட்ட பிள்ளை உள்ளவர் நாளுக்கு 6 மணி நேரம் மட்டும் வேலை செய்யச் சட்டம் வழி செய்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அதைப் பயன்படுத்துவோர் பெரும்பாலும் தாய்மாரே. ஊதியம் குறைகிறது, முக்கியப் பொறுப்புகள் வேறு கைக்குப் போகின்றன. தந்தையின் வேலைநேரம் குறையாதவரை தாயின் வேலை குறைந்துகொண்டேதான் போகும்.

முதல் வகுப்புச் சுவர்

பிள்ளை பள்ளிக்குப் போகத் தொடங்கினால் சுமை குறையும் என்றே எவரும் நினைப்பர். ஜப்பானில் நடப்பது வேறு. ஏப்ரலில் ஒன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளைக்குப் பள்ளி பிற்பகலிலேயே விட்டுவிடும். பள்ளிக்குப் பிந்தைய பராமரிப்பு மையம் பல ஊர்களில் காப்பகத்தைவிட முன்னதாக மூடப்படும். கோடை விடுமுறையில் காலையில் பள்ளி திறப்பதே இல்லை. பல நிறுவனங்களில் குறுகிய வேலைநேரச் சலுகையும் அதற்குள் முடிந்துவிடும். காப்பகக் காலத்தைச் சமாளித்த தாய்மார் பலர் வேலையை விடுவது இந்தக் கட்டத்தில்தான். இதற்கு 'முதல் வகுப்புச் சுவர்' என்று பெயர்.

அந்தச் சுவருக்கு மறுபுறம் நிற்கும் ஆசிரியர் நிலையும் நன்றாக இல்லை. 2018-இல் நடந்த பன்னாட்டு ஆய்வில் ஜப்பானின் கீழ்நிலை இடைநிலைப் பள்ளி ஆசிரியர்கள் வாரம் 56 மணி நேரம் வேலை செய்தனர்; பங்கேற்ற நாடுகளிலேயே இது மிக அதிகம். 1971-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு மேலதிக நேர ஊதியம் கிடையாது. மாதச் சம்பளத்தோடு 4 விழுக்காடு சேர்த்துக் கொடுத்ததோடு சரி. பிறர் பிள்ளைகளோடு மாலை வரை இருந்துவிட்டுத் தம் பிள்ளையைக் கடைசியாக அழைத்துச்செல்பவர்களில் ஆசிரியர்களும் உண்டு.

தந்தையரும் மாற்றமும்

சட்டப்படி ஜப்பானியத் தந்தை, குழந்தைக்கு ஒரு வயதாகும் வரை விடுப்பு எடுக்கலாம். தாளில் பார்த்தால் தாராளமான உரிமை. ஆனால் 2013-இல் அதை எடுத்த ஆண்கள் 2 விழுக்காட்டினரே. உடன் வேலை செய்வோரின் முகம் கோணுமோ, பதவி உயர்வு போகுமோ என்ற அச்சம்தான் காரணம். குழந்தை பிறந்த 8 வாரங்களுக்குள் தந்தையர் எடுக்கத் தக்க தனி விடுப்பு 2022 அக்டோபரில் அறிமுகமானது. விடுப்பு உண்டு என்பதைத் தந்தையாகப் போகும் ஊழியரிடம் நிறுவனமே முன்வந்து சொல்வதும் அதே ஆண்டில் கட்டாயமாயிற்று. 2023-இல் அளவு 30.1 விழுக்காட்டை எட்டியது. பலர் எடுப்பது சில வாரங்களே என்றாலும், கேட்கக் கூச்சப்படும் நிலை மாறிவருகிறது.

2024-இல் ஜப்பானில் பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ 6,86,000 மட்டுமே. இதற்கு வேலைநேரம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. வீட்டு வாடகை, கல்விச் செலவு, திருமணம் தள்ளிப்போவது எல்லாம் சேர்ந்திருக்கின்றன. இருந்தும் அரசு வேலைநேரத்தைத் தொட வேண்டியதாயிற்று. மேலதிக வேலையை மறுக்கும் உரிமை முன்பு 3 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் பெற்றோருக்கு மட்டும் இருந்தது. 2025 ஏப்ரலில் அது பள்ளியில் சேரும் வயது வரை நீட்டிக்கப்பட்டது. அதே மாதம் டோக்கியோ பெருநகர அரசு தன் ஊழியர்கள் வாரத்தில் நான்கு நாள் மட்டும் வேலை செய்ய வழிசெய்தது. 1 முதல் 3-ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளையின் பெற்றோர் நாளொன்றுக்கு 2 மணி நேரம் வரை வேலையைக் குறைத்துக்கொள்ளலாம் என்றும் அறிவித்தது. குறைத்த நேரத்துக்குச் சம்பளமும் குறையும்.