மஞ்சள் இலையின் காரணம்

தில்லியிலுள்ள கிட்வாய் நகர், 1952 முதல் 1954 வரை நடுவண் அரசின் உணவு, வேளாண்மைத் துறை அமைச்சராக விளங்கிய இரஃபி அகமது கிட்வாயின் பெயரைத் தாங்கியது. அந்நகருக்கு வடமேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் பூசா வளாகம் உள்ளது. அங்குள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1905இல் பீகாரின் பூசா என்னும் ஊரில் தொடங்கப்பட்டது. 1934ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் கட்டடங்கள் சிதைந்தமையால் 1936இல் தில்லிக்கு இடம்பெயர்ந்தது. பழைய ஊரின் பெயரும் உடன் வந்துவிட்டது.

பயிர்நோயியல் பயில்வோர்க்கு நூலறிவு மட்டும் போதாது. வயலில் இறங்கிப் பார்த்தல் வேண்டும். சனவரி, பிப்ரவரித் திங்கள்களில் வடஇந்தியக் கோதுமை வயல்களில் சில இலைகள் மஞ்சளாக மாறுவதுண்டு. தழைச்சத்துக் குறைந்தாலும் இலை மஞ்சளாகும். மஞ்சள் துருநோய் தாக்கினாலும் மஞ்சளாகும். முன்னதற்கு யூரியா இட வேண்டும். நோயுற்ற பயிருக்கு அதையே மிகுதியாக இட்டால் நோய் மேலும் பெருகும். உழவர் செலவழித்த பணமே அவருக்குப் பகையாகிவிடும்.

வேறுபாட்டை அறிய ஓர் எளிய வழி உண்டு. இலையை விரல்களுக்கு இடையில் வைத்து மெல்லத் தேய்க்க வேண்டும். சமையலறை மஞ்சள்தூளைத் தொட்டாற்போல விரலில் தூள் ஒட்டினால் அது துருநோய். சத்துக் குறைவாயின் தூள் ஒட்டாது; மஞ்சள் நிறமும் அடியிலைகளில் முதலில் தோன்றும். மஞ்சள் துருவின் கொப்புளங்கள் தைத்த நூல்போல வரிசையாக அமையும். இலைத் துருவில் அவை செம்மஞ்சள் நிறத்தில் சிதறிக் கிடக்கும். தண்டுத் துருவில் நீண்டு செம்பழுப்பாக இருக்கும்.

அடுத்து ஆய்வகம். நுண்ணோக்கியில் அந்தத் தூள், பூஞ்சையின் வித்துகளாகத் தெரியும். ரொட்டியில் படரும் பூஞ்சையைப்போல இதனை எளிதில் வளர்க்க இயலாது; உயிருள்ள பயிரே இதற்கு வேண்டும். ஆகவே தொட்டியில் வளரும் நலமான நாற்றுகளின்மீது வித்துகளைத் தூவி, ஓர் இரவு ஈரக்காற்றில் மூடி வைப்பர். ஏறத்தாழ இரு வாரங்களில் அதே கொப்புளங்கள் தோன்றினால் ஐயம் நீங்கும். பொறுமையில்லாதவர்க்கு இவ்வேலை ஒத்துவராது.

சமவெளியின் கோடை வெயிலில் இவ்வித்துகள் பிழைப்பதில்லை. அவ்வாறாயின் ஆண்டுதோறும் நோய் எங்கிருந்து வருகிறது? ஆக்ராவில் பேராசிரியராக இருந்த கே. சி. மேத்தா பல ஆண்டுகள் ஆராய்ந்து இதற்கு விடை கண்டார். குளிர்ந்த மலைகளில் நோய் கோடையிலும் உயிர்வாழ்கிறது. அங்கிருந்து வித்துகள் காற்றில் பரவுகின்றன. அவர் சுட்டிய மலைகளில் இமயத்தோடு, தமிழ்நாட்டின் நீலகிரியும் பழனி மலையும் இருந்தன. தென்மலைகளின் தண்டுத் துரு, காற்றோடும் மழையோடும் நடு இந்தியா வரை செல்வதைப் பின்வந்தோர் விளக்கினர்.

நீலகிரியின் வெலிங்டனில் பூசா நிறுவனத்தின் கிளை நிலையம் ஒன்று இருக்கிறது. புதிய கோதுமை வகைகள் அங்கே விதைக்கப்பட்டு, துருநோயைத் தாங்குகின்றனவா என்று இலை இலையாகப் பார்க்கப்படுகின்றன.