பின்னாசனத்தின் கீழே ஓர் ஓயாத ஊழியன்

ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் வண்டி நடுவழியில் நின்றுவிடுமாயின், யாவரும் முன்மூடியைத் திறந்து எஞ்சினையே உற்று நோக்குவர். குற்றவாளியோ பல வேளைகளில் அங்கே இருப்பதில்லை. குழந்தைகள் அமர்ந்திருக்கும் பின்னாசனத்தின் கீழே, பெற்றோல் தாங்கிக்குள் மூழ்கியபடி, எவர் கண்ணுக்கும் புலனாகாமல் அது இருக்கின்றது. அதுவே பெற்றோல் பம்பி. ஒரு சாணுக்குள் அடங்கும் இச்சிறு மின்கருவி தளர்வுற்றால், எத்துணை வலிமை வாய்ந்த எஞ்சினும் பயனற்றதாகிவிடும். அது எவ்வாறு தளர்கின்றது, அதனை எவ்வாறு மாற்றுவது, அவ்வேலையில் மறைந்திருக்கும் ஆபத்து யாது என்பனவற்றை இங்கே காண்போம்.

அன்றும் இன்றும்

நம் நாட்டு வீதிகளில் நெடுங்காலம் ஓடிய மொறிஸ் மைனர் காரை அறியாதார் இலர். அதன் பெற்றோல் பம்பி எஞ்சின் அறையிலேயே பொருத்தப்பட்டிருந்தது. சாவியைத் திருப்பியதும் "டிக், டிக்" என்று அது ஒலிக்கும். காபுரேற்றர் நிறைந்ததும் ஒலி அடங்கும். அது அசையாது அடம்பிடித்தால், சாரதி மூடியைத் திறந்து மெல்லத் தட்டுவார்; உடனே உயிர்பெறும். காபுரேற்றருக்கு மிகச் சிறிய அமுக்கமே போதுமாயிருந்தமையால், அந்த எளிய கருவி அக்காலத்துக்குப் போதுமானதாயிற்று.

1967ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பொஷ் நிறுவனம் ஆக்கிய மின்னணு எரிபொருள் உட்செலுத்தல் முறை, வொக்ஸ்வாகன் 1600 வண்டியில் வெளிவந்தது. பின்னர் இம்முறை உலகெங்கும் பரவிற்று. இதில் பெற்றோல் உறிஞ்சப்படுவதில்லை. நுண்ணிய துளைகளினூடாகப் பீறிட்டுத் தெளிக்கப்படுகின்றது. அதற்கு உயர்ந்த அமுக்கம் வேண்டும். அதனைத் தருவதற்கென வந்த பம்பி, காலப்போக்கில் தாங்கிக்குள்ளேயே குடிபுகுந்தது. பின்னிருந்து தள்ளப்பட்டு அமுக்கத்துக்குள்ளான பெற்றோல், எஞ்சினின் வெப்பத்தால் எளிதில் ஆவியாகிக் குழாயை அடைப்பதில்லை என்பது இதனால் விளைந்த பெரும் பயனாகும்.

வேகத்துக்குப் பெயர்பெற்ற ஒரு வண்டி

எடுத்துக்காட்டாக ஒரு வண்டியைக் கொள்வோம். பி.எம்.டபிள்யூ. நிறுவனம் பவேரியா மாநிலத்தின் டிங்கொல்பிங் நகரிலுள்ள தன் தொழிற்சாலையில், 'ஈ 39' எனும் குறியீடு பெற்ற வண்டிகளை 1995ஆம் ஆண்டு தொடக்கம் உற்பத்தி செய்தது. அவ்வரிசையில் வந்த '540ஐ' எனும் நான்கு கதவு வண்டி, 4.4 லீற்றர் கொள்ளளவும் எட்டு உருளைகளுமுள்ள எஞ்சினையும் 286 குதிரை வலுவையும் உடையது. குடும்பத்தோடு அமைதியாகச் செல்லவும், வேண்டியபோது மணிக்கு 250 கிலோமீற்றர் வேகத்தை எட்டவும் வல்லது. இன்று இவ்வண்டிகள் யாவும் இருபது ஆண்டுகளைக் கடந்த முதியவை. எஞ்சின் இன்னும் திடமாயிருக்க, பம்பி தளர்ந்துபோவது இவற்றில் அரிய காட்சியன்று.

இதன் பெற்றோல் தாங்கி 70 லீற்றர் கொள்ளும். பின்சில்லுகளுக்கு வலுவைக் கொண்டு செல்லும் தண்டு நடுவே ஓடுவதால், தாங்கி குதிரைச் சேணம் போல இருபுறமும் தாழ்ந்து நடுவில் உயர்ந்திருக்கும். பம்பி வலப்புறத்தில் அமைந்துள்ளது. இடப்புறத்திலுள்ள பெற்றோலை, பாய்ந்து செல்லும் பெற்றோலின் வேகத்தையே பயன்படுத்தும் ஓர் உறிஞ்சு குழாய் வலப்புறத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றது. எஞ்சினுக்கு வேண்டிய அமுக்கம் 3.5 பார்; அஃதாவது வளிமண்டல அமுக்கத்தின் ஏறக்குறைய மூன்றரை மடங்கு.

பெற்றோலுக்குள் மின்சாரமா?

மின்சாரத்தில் சுழலும் மோட்டாரைப் பெற்றோலுக்குள் அமிழ்த்தி வைத்தால் தீப்பற்றாதோ என்று மாணவர் வினவக்கூடும். எரிவதற்கு எரிபொருள் மட்டும் போதாது. காற்றும் உரிய அளவில் கலந்திருத்தல் வேண்டும். காற்றில் பெற்றோல் ஆவி நூற்றுக்கு 1.4 பங்கு முதல் 7.6 பங்கு வரை கலந்திருந்தாலே அது தீப்பற்றும். பம்பிக்குள் காற்றே இல்லை; திரவப் பெற்றோலே நிறைந்துள்ளது. தாங்கியின் மேற்பகுதியிலோ சாதாரண நிலையில் ஆவி மிகுந்து காற்றுக் குறைந்திருக்கும். ஆதலால் ஆங்குத் தீக்கு இடமில்லை.

அது மட்டுமன்று, மோட்டாரினூடாகப் பாயும் பெற்றோலே அதனைக் குளிர்விக்கின்றது, உராய்வைத் தணிக்கின்றது. ஆகவே "இன்னும் சிறிது தூரம் போகலாம்" என்று எப்போதும் தாங்கியின் அடிமட்டத்திலேயே வண்டியோட்டும் பழக்கம் சிக்கனமன்று. எஞ்சிய சிறிதளவு பெற்றோலே மீண்டும் மீண்டும் சுழன்று சூடேறும். பம்பி காற்றையும் சேர்த்து இழுக்கும். அதன் ஆயுள் குறையும். தாங்கியில் காற்பங்கேனும் எப்போதும் இருத்தல் நன்று.

மாணவர்க்கு ஒரு கணக்கு

தளர்ந்த பம்பி நெடுநாள் தன் குறையை மறைத்து வைத்திருக்கும். அதன் காரணத்தை ஒரு கணக்கால் விளக்கலாம். நாம் கூறிய வண்டி, நின்ற இடத்தில் இயங்கும்போது மணிக்கு ஓரிரு லீற்றர் பெற்றோலையே செலவிடும். சமதரையில் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் சீராகச் செல்லும்போது சுமார் 10 லீற்றர் போதும். ஆயின் 286 குதிரை வலுவையும் ஒருங்கே வேண்டினால் நிலைமை வேறாகும். அது 210 கிலோவாற்றுக்குச் சமம். ஒரு கிலோவாற்று வலுவை ஒரு மணி நேரம் பெறுவதற்குச் சுமார் 300 கிராம் பெற்றோல் செலவாகும் எனக் கொண்டால், மணிக்கு 63 கிலோகிராம் வேண்டும். ஒரு லீற்றர் பெற்றோலின் நிறை ஏறத்தாழ 750 கிராம். எனவே மணிக்கு 84 லீற்றர் என்பதே விடை.

பம்பி தன் ஆற்றலில் பாதியை இழந்திருப்பினும், நகர வீதியில் அக்குறை தெரியாது. முன்செல்லும் லொறியைக் கடக்க முயன்று, எதிரே வேறொரு வாகனம் நெருங்கும் வேளையில் சாரதி முழு வலுவையும் நாடும்போதே வண்டி தயங்கும். எந்தக் கணத்தில் வலிமை இன்றியமையாததோ, அந்தக் கணத்திலேதான் பம்பி கைவிடும். இப்பழுதை அலட்சியம் செய்தலாகாது என்பதற்கு இதுவே முதற்காரணம். முழுச் சுமையில் பெற்றோல் குறைந்து காற்று மிகுந்தால் எஞ்சினுள் வெப்பம் எல்லை கடந்து, உருளைகளும் வால்வுகளும் கெட நேரிடும் என்பது இரண்டாவது காரணம்.

விசாரணையின்றித் தீர்ப்பு வேண்டா

அறிகுறிகள் சில உள. பின்னாசனத்தின் கீழிருந்து இடையறாத ரீங்கார ஒலி எழுதல். எஞ்சின் இயங்கத் தொடங்க நெடுநேரம் பிடித்தல். வெயிலில் ஓடியபின் நின்று, ஆறியதும் மீண்டும் இயங்குதல். மேட்டில் வலுக்குன்றுதல் ஆகியன அவை. எனினும் இவற்றைக் கண்ட மாத்திரத்தே புதிய பம்பி வாங்க விரைதல் அறிவுடைமையாகாது. அடைபட்ட வடிகட்டியும், கருகிய றிலேயும், துருவேறிய மின்னிணைப்பும் இதே அறிகுறிகளைத் தோற்றுவிக்கும். குற்றமற்ற பம்பியைக் கழற்றி எறிந்து, புதிதைப் பொருத்தி, பழுது நீங்காமை கண்டு திகைப்போர் பலர்.

முதலில் எரிபொருட் குழாயில் அமுக்கமானியைப் பொருத்திப் பார்த்தல் வேண்டும். 3.5 பார் காட்டவேண்டிய முள் கீழே தங்கினால், அடுத்து பம்பியின் மின்னிணைப்பில் வோல்ற்றளவை அளக்கவேண்டும். எஞ்சின் இயங்கும்போது பற்றறியில் 14 வோல்ற்று இருக்க, பம்பியில் 11 வோல்ற்றே கிடைக்குமாயின், குறை வழியிலுள்ள கம்பியிலேயே உள்ளது. மின்சாரம் குறைவின்றி வந்தும், வடிகட்டி புதிதாயிருந்தும், அமுக்கம் எழவில்லையெனின், அப்போதே பம்பியின் மீது தீர்ப்புக் கூறலாம். மோட்டாரின் கரித்தூரிகைகள் தேய்ந்திருத்தலே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

மாற்றும் முறை

பழுது நீக்குவோர் முதலில் அஞ்சவேண்டியது நெருப்புக்கே. தாங்கியைத் திறந்ததும், முன்பு இல்லாதிருந்த காற்று ஆவியோடு கலக்கின்றது. பெற்றோல் ஆவி காற்றிலும் மூன்று நான்கு மடங்கு கனமானது. தரையில் படர்ந்து தாழ்ந்த இடங்களில் தேங்கும். ஆகவே கராஜின் குழிக்கு மேலே இவ்வேலையைச் செய்தல் ஆகாது. திறந்த வெளியே உகந்தது. புகைத்தலும், எரியும் அடுப்பும், உடையக்கூடிய விளக்கும் அருகில் இருத்தலாகாது. உலர்தூள் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். தாங்கியில் காற்பங்குக்கு மேல் பெற்றோல் இல்லாதிருத்தல் வேலையை எளிதாக்கும்.

பம்பியின் உருகியைக் கழற்றி, எஞ்சினைத் தானாகவே நிற்கும்வரை ஓடவிட்டால் குழாயிலுள்ள அமுக்கம் தணியும். பின்னர் பற்றறியின் எதிர்முனையைக் கழற்றவேண்டும்; இவ்வண்டியில் அது பின்புறப் பெட்டியில் உள்ளது. பின்னாசனத்தின் இருக்கையை முன்விளிம்பில் பற்றி மேலே தூக்கினால் அது கழன்றுவரும். வலப்புறத்தில் காணப்படும் உலோக மூடியை அகற்றுமுன், ஆண்டாண்டாகப் படிந்த மண்ணையும் தூசியையும் நன்கு துடைத்தல் வேண்டும். தாங்கிக்குள் விழும் ஒரு சிட்டிகை மணல் புதிய பம்பியையும் பாழாக்கும்.

மின்னிணைப்பையும் இறப்பர்க் குழாயையும் கழற்றியபின், பம்பியைப் பிணைத்திருக்கும் பெரிய வளையத்தை உரிய கருவியால் இடப்புறமாகத் திருகவேண்டும். உருக்கு உளியை வைத்துச் சுத்தியலால் அடிப்போர் உளர். ஒரு தீப்பொறி போதும், பெருந்தீங்கு விளையும். பெற்றோலின் அளவைக் காட்டும் மிதவையின் மெல்லிய கை வளையாதவாறு பம்பியைச் சாய்த்து எடுத்தல் வேண்டும். புதியதைப் பொருத்தும்போது இறப்பர் வளையமும் புதியதாகவே இருக்கவேண்டும். பழையது பெற்றோலில் ஊறிப் பருத்திருப்பதால், மீண்டும் செவ்வனே பொருந்தாது. ஆவி கசிந்து வண்டிக்குள் நாற்றம் வீசும். இறுதியாக, இருக்கையை வைக்குமுன் எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டுக் கசிவு உண்டா என்று பார்த்து, அமுக்கத்தையும் மறுபடி அளந்து உறுதிசெய்தல் நலம். வடிகட்டியையும் அதே நாளில் மாற்றிவிடுதல் சிறப்பு.

பழகிய கைகளுக்கு இது ஓரிரு மணி நேர வேலை. பழகாதார் தனியே முயலாது, நன்கறிந்த ஒருவரைத் துணைக்கொள்ளல் வேண்டும். மலிவான போலிப் பம்பியை நாடி மிச்சம்பிடிக்கும் பணம், நடுவழியில் இழுவை வண்டிக்கே செலவாகிவிடும்.

வண்டி ஓடும் வரையில் பம்பியை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அது முணுமுணுக்கத் தொடங்கும்போதே செவிசாய்ப்பவர், தம் பணத்தை மட்டுமன்றி, தம்மை நம்பிப் பின்னாசனத்தில் அமர்ந்திருப்போரின் உயிரையும் காத்தவராவர்.